சாயம் பூசாத நீலம்

நம் கிராமங்களில் பல தலைமுறைச் சிறுவர்கள் பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் கருவேலந்தழையுடன் வைத்து வளர்த்திருக்கிறார்கள். அதன் முதுகில் பச்சையும் நீலமும் பொன்னும் கலந்து மின்னும். வண்டு சில நாட்களில் இறந்துவிடும். அதற்கு உணவாகப் போட்ட தழையும் வாடிப் பழுப்பாகிவிடும். ஆனால் வண்டின் இறக்கை மூடியில் உள்ள பச்சை மட்டும் மங்குவதே இல்லை. தழையின் பச்சை போய்விட்டது. வண்டின் பச்சை நிலைத்துவிட்டது. இரண்டும் பச்சைதான். ஏன் இந்த வேறுபாடு?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால், இன்றைய நகைக் கலைஞர்கள் கையால் செய்யும் ஒரு புதுமையான தோட்டில் போய் முடிவோம். அந்தத் தோட்டில் நீலக்கல் இல்லை, மீனாகாரி வேலை இல்லை, சாயமும் இல்லை. ஆயினும் அது வண்ணத்துப்பூச்சியின் இறக்கைபோல நீலமாக ஒளிர்கிறது.

கொன்று அணிந்த நீலம்

இயற்கையின் அழகை உடலில் அணிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு மிகப் பழையது. அதற்கு அவன் முதலில் கண்ட வழி மிக எளிது. அழகான உயிரைப் பிடித்து, அதன் அழகான பகுதியை எடுத்துக்கொண்டான்.

சீனாவில் பல நூற்றாண்டுகளாக மீன்கொத்திப் பறவையின் நீல இறகுகளைச் சிறு துண்டுகளாக வெட்டி, வெள்ளித் தகட்டில் ஒட்டி, கொண்டை ஊசிகளும் அரசியரின் தலையணிகளும் செய்தார்கள். உள்நாட்டுப் பறவைகள் போதாமல் தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்தும் இறகுகள் வரவழைக்கப்பட்டன. ஒரு தலையணியின் பின்னே எத்தனையோ பறவைகளின் உயிர் இருந்தது. அந்தத் தேவை குறைந்து, இந்தக் கலை தேய்ந்தது 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான்.

தென் அமெரிக்காவில் மார்ஃபோ என்ற பெரிய நீல வண்ணத்துப்பூச்சி உண்டு. அதன் இறக்கைகளைக் கண்ணாடிக்கு அடியில் பதித்துச் செய்த பதக்கங்கள், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பெரும் நாகரிகமாக இருந்தன. பொன்வண்டின் இறக்கை மூடிகளும் தப்பவில்லை. 1888-ஆம் ஆண்டு லண்டனில் மாக்பெத் நாடகத்தில் எலன் டெர்ரி என்ற புகழ்பெற்ற நடிகை அணிந்த உடையில் சுமார் 1000 வண்டு இறக்கைகள் தைக்கப்பட்டிருந்தன. அந்த உடை இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. நூறாண்டு கடந்தும் அந்த இறக்கைகள் பச்சையாகவே மின்னுகின்றன. ஜப்பானின் நாரா நகருக்கு அருகிலுள்ள ஹோரியூஜி ஆலயத்தில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறு கோயில் மாடம் ஒன்று உள்ளது. அதை அலங்கரித்ததும் வண்டின் இறக்கைகளே.

இவற்றைப் பார்த்தவர்கள், அழகு அந்தப் பொருளிலேயே இருக்கிறது என்று எண்ணினார்கள். அதனால் பொருளையே பறித்தார்கள். உண்மை என்ன?

நிறம் பிறக்கும் இரு வழிகள்

ஒரு பொருளுக்கு நிறம் வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி நிறமி. தழையில் உள்ள பச்சையம் வெள்ளொளியில் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கிக்கொண்டு பச்சையை விட்டுவிடுகிறது. நாம் பச்சையைக் காண்கிறோம். மஞ்சள், மருதாணி, துணிச்சாயம் எல்லாம் இவ்வகையே. நிறமியின் மூலக்கூறு சிதைந்தால் நிறமும் போய்விடும். வெயிலில் காயப்போட்ட சட்டை வெளுப்பது இதனால்தான்.

இரண்டாவது வழி அமைப்பு. சாலையில் தேங்கிய மழைநீர் மீது ஒரு துளி மண்ணெண்ணெய் பரவினால் வானவில் நிறங்கள் தோன்றுகின்றன அல்லவா? மண்ணெண்ணெயில் நீலச் சாயமோ சிவப்புச் சாயமோ இல்லை. மெல்லிய படலமாகப் பரவியதால்தான் நிறம் வந்தது. சோப்புக் குமிழியும் அப்படியே.

மயில் இறகு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்ற ஐயம் விஞ்ஞானிகளுக்கு நெடுநாளாகவே இருந்தது. ராபர்ட் ஹூக் 1665-இல் மயிலிறகை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அதை நீரில் நனைத்தால் நிறம் மறைவதைக் கண்டார். நியூட்டன் 1704-இல் வெளியிட்ட தமது ஒளியியல் நூலில், மயிலிறகின் நிறத்தை மெல்லிய படலங்களின் நிறத்தோடு ஒப்பிட்டார். பின்னர் வந்த மின்னணு நுண்ணோக்கி அந்த அமைப்பையே கண்முன் காட்டியது. மயிலிறகின் இழைகளில் மெலனின் என்ற கருநிறப் பொருளாலான நுண்ணிய தண்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. தண்டுகளுக்கிடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 140 நானோமீட்டராக இருக்கும் இடம் நீலமாகத் தெரிகிறது. 150 ஆனால் பச்சை. 165 ஆனால் மஞ்சள். பொருள் எங்கும் ஒன்றே. இடைவெளி மட்டுமே மாறுகிறது. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்.)

பொன்வண்டின் முதுகில் மெல்லிய அடுக்குகள் பல, ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. மார்ஃபோவின் இறக்கைச் செதில்களில் அலமாரித் தட்டுகள்போன்ற அமைப்பு உள்ளது. அந்தத் தட்டுகளுக்கு இடையே இருப்பது வெறும் காற்று. மார்ஃபோவின் இறக்கைமீது ஒரு துளி ஆல்கஹால் விட்டால் நீலம் பச்சையாகிவிடும். ஆல்கஹால் ஆவியானதும் நீலம் திரும்பிவிடும்! சாயமாக இருந்தால் இப்படி நடக்குமா? தட்டுகளுக்கு இடையே காற்றுக்குப் பதில் ஆல்கஹால் புகுந்ததால் ஒளி செல்லும் பாதை மாறியது, நிறமும் மாறியது.

ஆகவே மீன்கொத்தியைக் கொன்று மனிதன் எடுத்தது ஒரு நீலப் பொருளை அன்று, ஓர் அளவை. அந்த அளவை வேறொரு பொருளில் நாமே அமைக்க முடிந்தால்?

ஒரு படலம், இரண்டு கதிர்கள்

அதற்குமுன் மெல்லிய படலம் நிறம் தருவது எப்படி என்று பார்ப்போம்.

பளபளப்பான உலோகத் தகட்டின்மீது ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதி படலத்தின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. மற்றொரு பகுதி படலத்தினுள் புகுந்து, அடியிலுள்ள உலோகத்தில் பட்டு, மீண்டும் வெளியே வருகிறது. இரண்டாவது கதிர் சற்று அதிக தூரம் நடந்து வந்திருக்கிறது. எனவே அது முதல் கதிருக்குச் சற்றுப் பின்தங்கிவிடுகிறது.

ஒளி ஓர் அலை. பின்தங்கிய அலையின் முகடு முதல் அலையின் முகட்டோடு சேர்ந்தால் ஒளி வலுக்கும். முகடும் அகடும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதையே குறுக்கீட்டு விளைவு என்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படலம் டைட்டானியம் ஆக்சைடால் ஆனது. தடிமன் 60 நானோமீட்டர். ஒளி உள்ளே போய் வருவதால் பாதை 120 நானோமீட்டர். இப்பொருளின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.4. ஆகவே ஒளியின் கணக்கில் பாதை 120 × 2.4 = 288 நானோமீட்டர். இது 576 நானோமீட்டரில் சரிபாதி. 576 நானோமீட்டர் அலைநீளம் உடையது மஞ்சள் ஒளி. அரை அலை பின்தங்கினால் முகடு அகடோடு சேரும். எனவே மஞ்சள் அழிகிறது. வெள்ளொளியிலிருந்து மஞ்சளை நீக்கினால் நம் கண்ணுக்கு மிஞ்சுவது நீலம்!

60 நானோமீட்டர் என்பது நம் தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் அழியும் நிறம் மாறும். தெரியும் நிறமும் மாறும்.

இங்கே ஒரு வியப்பைக் கவனியுங்கள். டைட்டானியம் ஆக்சைடுதான் சுவருக்கு அடிக்கும் வெள்ளை வர்ணத்தில் சேர்க்கப்படும் வெண்பொடி. பற்பசையிலும் அது உண்டு. பொடியாக இருக்கும்போது வெள்ளை. மெல்லிய படலமாக இருக்கும்போது நீலம், ஊதா, பொன்!

கருமணலிலிருந்து பட்டறைக்கு

1791-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கிடைத்த ஒரு கருமணலை வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் ஆராய்ந்து, அதில் ஒரு புதிய உலோகம் இருப்பதை அறிவித்தார். 1795-இல் ஜெர்மானிய வேதியியலார் கிளாப்ராத் அதற்கு டைட்டானியம் என்று பெயரிட்டார். அந்தக் கருமணலின் பெயர் இல்மனைட். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுத்து மின்னுகிறதே, அந்த மணலிலும் இருப்பது அதே இல்மனைட்தான்.

கண்டுபிடித்தும் பயன் இல்லை. டைட்டானியம் ஆக்சிஜனை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுத்துப் பெருமளவில் உலோகமாக்கும் முறை 20-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் நடைமுறைக்கு வந்தது. விமானமும் விண்வெளிக் கலமும் செய்யவே அதை முதலில் நாடினார்கள். 1970-களில் பிரிட்டனில் எட்வர்ட் டி லார்ஜ் போன்ற நகைக் கலைஞர்கள் அதைத் தங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். ஹாங்காங்கைச் சேர்ந்த வாலஸ் சான் 2007-இல் டைட்டானிய நகைகளை உலகக் கண்காட்சியில் வைத்துப் புகழ் பெற்றார். வண்ணத்துப்பூச்சி அவர் மீண்டும் மீண்டும் படைத்த உருவம்.

நகைக்கு இந்த உலோகம் ஏன் ஏற்றது? ஒரு கன சென்டிமீட்டர் தங்கத்தின் எடை 19.3 கிராம்; வெள்ளி 10.5 கிராம், டைட்டானியம் 4.5 கிராம்தான். உள்ளங்கை அகலத்துக்கு வண்ணத்துப்பூச்சி செய்து மாட்டினாலும் காது இழுபடாது. உடலும் இதை எளிதில் ஏற்றுக்கொள்கிறது. எலும்பு முறிவுக்கு உள்ளே வைக்கும் தகடுகளுக்கும் இதையே பயன்படுத்துகிறார்கள்.

ஒரு தோடு உருவாகிறது

கலைஞர் முதலில் வண்ணத்துப்பூச்சியின் இறக்கையை வரைந்துகொள்கிறார். வரைபடத்தை மெல்லிய டைட்டானியத் தகட்டில் ஒட்டி, கம்பி ரம்பத்தால் அறுக்கிறார். இது கடினமான உலோகம்; ரம்பக் கம்பிகள் பல அறுந்துபோகும். பின்பு ஓரங்களை அரத்தால் ராவி, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவுகிறார். இப்போது தகடு எஃகுபோல் சாம்பல் நிறமாக இருக்கிறது.

இனி நிறமேற்ற வேண்டும். நமது கலைஞருக்கு மூன்று நிறங்கள் தேவை: பொன்னிறப் புள்ளிகள், நடுவில் நீலம், ஓரத்தில் ஊதா. ஒரு தொட்டியில் நீரும் சிறிது உப்புப் பொருளும் கலந்த மின்பகுளி இருக்கிறது. நேர்மின்வாயில் தோட்டின் தகட்டையும், எதிர்மின்வாயில் ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தகட்டையும் இணைக்கிறார். நேர்த்திசை மின்சாரம் பாய்ந்ததும் எஃகுத் தகட்டில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுகின்றன. தோட்டுத் தகட்டில் நீரிலிருந்து ஆக்சிஜன் சேர்ந்து ஆக்சைடு படலம் வளர்கிறது.

படலம் எவ்வளவு வளரும்? இங்குதான் இம்முறையின் சிறப்பு இருக்கிறது. ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும் பொருள். படலம் தடிக்கத் தடிக்கத் தடையும் மிகுந்து, சில விநாடிகளில் வளர்ச்சி தானே நின்றுவிடுகிறது. இன்னும் வளரவேண்டுமானால் வோல்ட்டைக் கூட்ட வேண்டும். ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 2 நானோமீட்டர் என்று கொள்ளலாம். ஆக, கண்ணுக்கே தெரியாத ஒரு தடிமனைக் கலைஞர் வோல்ட் மீட்டரின் முள்ளைப் பார்த்தே அளந்துவிடுகிறார்! ஏறத்தாழ 20 வோல்ட்டில் ஊதா, 30 வோல்ட்டில் நீலம், 55 வோல்ட்டில் பொன்மஞ்சள். 100 வோல்ட்டை நெருங்கும்போது பச்சையும் கிடைக்கிறது. சுடர்விடும் சிவப்பு மட்டும் எந்த வோல்ட்டிலும் கிடைப்பதில்லை.

மூன்று நிறங்களையும் ஒரே தகட்டில் கொண்டுவருவது எப்படி? தகடு முழுவதும் வார்னிஷ் பூசி, புள்ளிகள் வரவேண்டிய இடத்தில் மட்டும் சுரண்டி எடுக்கிறார். 55 வோல்ட் கொடுக்கிறார், புள்ளிகள் பொன்னாகின்றன. பிறகு நடுப்பகுதியின் வார்னிஷை நீக்கி 30 வோல்ட் கொடுக்கிறார். நடுப்பகுதி நீலமாகிறது. பொற்புள்ளிகள் மாறவில்லை. 55 வோல்ட்டில் வளர்ந்த தடித்த படலத்தை 30 வோல்ட் ஊடுருவ முடியாதல்லவா? கடைசியாக ஓரத்தைத் துடைத்து 20 வோல்ட் கொடுத்தால் ஊதா ஓரம் தயார்.

இனித் தோட்டுக்குத் தண்டு வைக்க வேண்டும். தங்கமாக இருந்தால் பொற்கொல்லர் பற்றாசு வைத்து ஊதி ஒட்டிவிடுவார். டைட்டானியத்தில் அது நடவாது. ஊதுகுழல் நெருப்பு பட்டால் மேலே கெட்டியான ஆக்சைடு உண்டாகிப் பற்றாசு பிடிக்காது. ஏற்றிய நிறமும் கெட்டுவிடும். எனவே முன்னதாகவே துளையிட்டு வைத்த இடத்தில் ஆணி அடித்து மடக்கியோ, திருகாணியாலோ தண்டைப் பொருத்துகிறார். வெள்ளிச் சட்டம் வேண்டுமென்றாலும் நிறமேற்றிய பிறகுதான் பொருத்துவார்.

கற்றதும் கற்கவேண்டியதும்

இந்தத் தோடு இயற்கைக்கு முழுமையாக ஈடாகிவிட்டதா? இல்லை. டைட்டானியத்தின்மீது இருப்பது ஒரே ஒரு படலம். மார்ஃபோவின் இறக்கையில் பல தட்டுகள் உள்ளன. ஒவ்வொரு தட்டும் நீலத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறது. அதனால்தான் மார்ஃபோவின் நீலம் அவ்வளவு பிரகாசமாக இருக்கிறது. தவிரவும், படலம் கீறப்பட்டால் தோட்டின் நிறம் அந்த இடத்தில் போய்விடும். விரலின் எண்ணெய்ப் பசை பட்டாலும் நிறம் மாறித் தெரியும். ஆனால் சோப்பு நீரில் கழுவினால் பழைய நீலம் திரும்பிவிடும். மார்ஃபோவின்மீது விட்ட ஆல்கஹால் துளி நினைவுக்கு வருகிறதா?

மற்றொன்றையும் மறக்கக்கூடாது. பறவையைக் கொல்லாத நகை என்பதால் அது இயற்கைக்கு ஒரு செலவும் வைக்காத நகை ஆகிவிடாது. மணலிலிருந்து உலோகத்தைப் பிரிக்க மிகுந்த மின்சாரமும் வெப்பமும் தேவை. கடற்கரை மணலை அளவின்றி அள்ளினால் கரை அரிக்கும். நகைக்கு வேண்டிய உலோகம் மிகச் சிறிது. இல்மனைட்டில் பெரும்பங்கு வெள்ளை வர்ணம் செய்யவே போகிறது. ஆயினும் எந்தப் பொருளை எடுத்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது அறிவியல் பயில்வோரின் கடமை.

மயில் 1963 முதல் நமது தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதைக் கொல்வதைத் தடை செய்கிறது. சட்டம் உயிரைக் காக்கிறது. அந்த உயிர் எப்படி அழகாயிற்று என்று புரிந்துகொண்டால், அதைப் பறிக்கும் ஆசையே நம்மிடம் குறைந்துவிடுகிறது. ஓர் இறகைப் பறித்தால் ஒரு நகை கிடைக்கும். இறகின் அளவைக் கற்றுக்கொண்டால் எத்தனை நகை வேண்டுமானாலும் செய்யலாம், பறவையும் பறந்துகொண்டிருக்கும்.

செய்து பாருங்கள்

1. உதிர்ந்து கிடைத்த மயிலிறகு ஒன்றின் கண் பகுதியைச் சாளர வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நிறம் மாறும் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதேபோல் ஒரு பச்சை இலையையும் சாய்த்து ஒப்பிடுங்கள்.

2. பழைய ஹாக்ஸா ரம்பத் தகட்டின் ஒரு துண்டை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேயுங்கள். பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், இடுக்கியால் பிடித்து அதன் ஒரு முனையைச் சாராய விளக்கில் காட்டுங்கள். வெளிறிய மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறங்கள் பட்டைபட்டையாக நகர்வதைக் காணலாம். இவை இரும்பு ஆக்சைடு படலத்தின் நிறங்கள். உளிக்குப் பதம் பார்க்கும் கொல்லர் இந்த நிறங்களைக் கொண்டே சூட்டை அறிகிறார்.

டைட்டானியத்துக்கு நிறமேற்றும் மின் சோதனையை வீட்டில் செய்ய முயலாதீர்கள். ஈரக் கையும் பல பத்து வோல்ட்டும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

சிந்தித்து விடை காண்க

1. நமது கலைஞர் முதலில் ஓரத்துக்கு 20 வோல்ட் கொடுத்து, வார்னிஷை நீக்கிக்கொண்டே பின்னர் 30-உம், கடைசியில் 55-உம் கொடுத்திருந்தால் தோடு என்ன நிறமாக இருந்திருக்கும்?

2. மயிலிறகை அம்மியில் வைத்துப் பொடியாக அரைத்தால் பொடி நீலமாக இருக்குமா? ஏன்?

3. படலத்தின் தடிமன் 40 நானோமீட்டர் என்றால் எந்த அலைநீளம் அழியும்? மேலே கண்ட கணக்கின்படி போட்டுப் பார்த்து, தகடு எந்த நிறச் சாயலில் தெரியும் என்று ஊகியுங்கள்.